மகனுக்கு வேற்று மொழிப் பெயர்: தேடுவது முதல் பதிவது வரை முழுமையான வழிகாட்டி

பெயர் என்ற சொல்லுக்கே எங்கள் தெருவில் நாலு பெயர் உண்டு. குழந்தையைப் பார்க்க வருகிற எங்கள் சொந்தக்காரர்கள் “பேர் என்ன வெச்சிருக்கீங்க?” என்பார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு அவ்வாவுக்கு அது ‘பேரு’. பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜிக்கு ‘ஹெசரு’. தெருமுனையில் உருது பேசும் குடும்பத்தில் ‘நாம்’. ஓசூரில் இது அதிசயம் இல்லை. இங்கே பிறக்கிற பையன் தவழ்ந்து முடிப்பதற்குள் நாலு விதமான நாக்கு அவனைக் கூப்பிட்டுவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஓசூருக்கு. தொடக்கப் பள்ளி ஆசிரியை. 16 வருடமாகக் காலையில் முதல் வேலை வருகைப் பதிவேட்டை வாசிப்பதுதான். முனிராஜ், மாதேஷ், சின்னசாமி என்று ஓடிய பதிவேட்டில் இப்போது விஹான், ரேயான்ஷ், கியான் என்று வருகிறது. பிற மொழியிலிருந்து பெயர் எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. நம் முன்னோர்களும் தாராளமாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மொழிக்காரர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள், எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டு, பிறகு குழந்தை அதைச் சுமப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லி வருகிற முறையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. கூப்பிடப் போகிறவர்கள் யார் யார்?

பெயர்ப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். குழந்தையைத் தினமும் கூப்பிடப் போகிறவர்கள் யார், அவர்கள் வாய்க்குப் பழகிய மொழி எது என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கம்பக்கத்தார், வேலைக்காக வெளியூர் போனால் அங்கே பேசப்படும் மொழி. ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் குடும்பம் என்றால், கன்னடமும் இந்தியும் அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

என் தங்கை மகனுக்கு ஹ்ருத்விக் என்று பெயர் வைத்தார்கள். அரூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஆயாவால் அந்த ‘ஹ்ரு’வைத் தொடவே முடியவில்லை. “இருத்து…” என்று ஆரம்பிப்பார், பாதியில் நிறுத்திவிட்டு, “சாமி, இங்க வாடா” என்பார். மூன்று வயது வரை அவன் தன் பெயர் சாமி என்றுதான் நினைத்திருந்தான். ஆயா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற வருத்தம் தங்கைக்கு இன்றும் உண்டு. இதில் இன்னொன்று: அந்தச் சமஸ்கிருதச் சொல்லில் ஹகரமே கிடையாது. வேள்வி நடத்தும் புரோகிதரைக் குறிக்கும் ‘ருத்விக்’தான் மூலம். யாரோ அழகுக்குச் சேர்த்த ஓர் எழுத்து ஆயாவின் நாக்கைக் கட்டிவிட்டது.

அதனால் பெயரை ஒரே ஒரு முறை பெரியவர்களிடம் சொல்லுங்கள். எழுதிக் காட்ட வேண்டாம், திருத்தவும் வேண்டாம். மறுநாள் காலையில் போய், “நேத்து சொன்ன பேர் என்ன?” என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் குழந்தை காதில் விழப்போகிற பெயர். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் மேலே போகலாம்.

2. நம் ஊர்ப் பெயர்களை முதலில் பாருங்கள்

வேற்று மொழிப் பெயர் வேண்டும் என்று எங்கெங்கோ தேடுகிறவர்களுக்கு, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் தாத்தாக்களின் பெயர்களே எத்தனை மொழி கடந்து வந்தவை என்பது தெரிவதில்லை.

பென்னாகரம், பாலக்கோடு சந்தையில் நின்று “மாதையா!” என்று குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்புவார்கள். மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதேஸ்வரன் எல்லாம் ஒரே வேர். மகாதேவன் என்ற சமஸ்கிருதப் பெயர் கன்னட நாக்கில் மாதேவ, மாதப்பா என்று ஆகி, காவிரிக்கு அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலையில் கோயில்கொண்டு, தமிழ் விகுதியைச் சேர்த்துக்கொண்டு மாதையனாக நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. மூன்று மொழி கடந்த பெயர் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட வேண்டியது. மாதேஷ் என்று என் வகுப்பில் இன்றும் ஒரு பையன் இருக்கிறான், அந்தப் பெயரை யாரும் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் பேட்டராயன் என்று பெயர் உண்டு. அங்கே உள்ள பேட்டராய சுவாமியின் பெயர் அது. நம் ‘வேட்டை’ கன்னடத்தில் ‘பேட்டெ’. வேட்டைக்கு அதிபதியான சாமி. தீர்த்தமலை இறைவனை வைத்துத் தீர்த்தகிரி. ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரை வைத்துச் சந்திரசூடன், சந்திரசேகர். ரஜினிகாந்தின் குடும்பத்துப் பூர்வீகமாகச் சொல்லப்படும் நாச்சிக்குப்பம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. மராத்தி பேசும் அந்தக் குடும்பம் அவருக்கு வைத்த பெயர் சிவாஜி ராவ்.

இன்னும் பழையது வேண்டுமானால் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமான். அசோகரின் கல்வெட்டுகளில் தெற்கத்தி அரசர்களைச் சொல்லும் இடத்தில் ‘சதியபுதோ’ என்று ஒரு பெயர் வருகிறது. அது யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்று சேர்த்தே வெட்டியிருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நம் ஊர்த் தலைவனின் குடிப்பெயர் பிராகிருதத்திலும் ஒலித்திருக்கிறது. அதியன், எழினி இரண்டும் இன்றைக்கும் வைக்கக்கூடிய பெயர்கள். எழினி அவன் மகனின் பெயரிலும் வருவது. அஞ்சி என்பதை மட்டும் தனியாக வைக்க நான் சொல்ல மாட்டேன். சங்க காலத்தில் அது பெருவீரனின் பெயர், இன்றைய காதுக்கு ‘பயந்து’ என்றுதான் விழும்.

3. எந்த மொழியிலிருந்து எடுக்கிறீர்களோ, அதன் பழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

*கன்னடம், தெலுங்கு.* நமக்குப் பக்கத்து வீடு என்பதால் இங்கே பொது வேர்கள் நிறைய. கதிர் கன்னடத்தில் ‘கதிரு’, அதே ஒளிக்கதிர்தான். முத்து அங்கும் முத்து, தெலுங்கில் ‘முத்யம்’. அரசு அங்கும் ‘அரசு’. கர்நாடக முதலமைச்சராக இருந்த தேவராஜ் அரசின் பெயரில் இருப்பது அதுதான். தாளவாடிப் பக்கம் காஜனூரில் பிறந்த நடிகர் ராஜ்குமாருக்கு வீட்டில் வைத்த பெயர் முத்துராஜ். முகில் கன்னடத்தில் ‘முகிலு’, தெலுங்கில் ‘மொகுலு’. என் மகனுக்கு முகில் என்று வைத்ததற்குக் காரணமே இதுதான். என் மாமியார் கன்னடம் பேசி வளர்ந்தவர். பெயரைச் சொன்னதும் யாரும் விளக்காமலே ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினார்.

நம் பகரம் கன்னடத்தில் பல இடங்களில் ஹகரமாக மாறும். பால் ‘ஹாலு’, புலி ‘ஹுலி’, பெயர் ‘ஹெசரு’. அதனால் பொன்னப்பனும் ஹொன்னப்பாவும் ஒரே ஆள். ‘புட்ட’ என்றால் சின்ன, நம் சின்னசாமி அங்கே புட்டசாமி. பழைய தெலுங்கு வாய்க்குச் சொல் உயிரெழுத்தில் முடிந்தால்தான் சுகம், ராமன் அங்கே ராமுடு. இதை வைத்துப் பார்த்தால் நம் ‘-அன்’ விகுதிப் பெயர்கள் அங்கே சற்று மாறிக் கூப்பிடப்படும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். மாறினால் கெட்டுப்போகாது, உறவு முறை மாதிரி அதுவும் ஒரு உரிமைதான்.

ஒரு எச்சரிக்கை. கவுடா, ரெட்டி, சிங், சையத் போன்றவை சாதி, குலம், வம்சம் ஆகியவற்றைக் குறிப்பவை. கேட்க நன்றாக இருக்கிறது என்று பெயராக எடுக்கக் கூடாது.

*அரபி, பாரசீகம், உருது.* இங்கே உயிர் ஓசையின் நீளம்தான் எல்லாம். அமீர் என்றால் தலைவன். ஆமிர் என்றால் செழிப்போடு வாழ்பவன், வேறு பெயர். ஷாஹித் என்றால் சாட்சி சொல்பவர், ஷஹீத் என்றால் உயிர்த்தியாகி. தமிழில் எழுதும்போது குறில் நெடிலை மாற்றிப் போட்டால் பொருளே போய்விடும். அப்துல் என்பது தனிப் பெயர் அல்ல, ‘இன்னாரின் அடியான்’ என்பதன் முன்பாதி. அப்துல் ரஹ்மான் என்றால் அருளாளனின் அடியான். அதை இரண்டாகப் பிளந்து பாஸ்போர்ட்டில் முன்பெயர் ஒரு கட்டம், பின்பெயர் ஒரு கட்டம் என்று போட்டுவிட்டால், வெளிநாட்டில் எல்லாரும் அவரை வெறும் ‘அடியான்’ என்று கூப்பிடுவார்கள். கிருஷ்ணகிரியில் தெருவுக்குத் தெரு உருது பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. ஏழாம் நாள் அகீகாவில் பெயர் வைக்கும்போது எத்தனை கவனமாகப் பொருள் விசாரிக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அமன் (அமைதி), ரோஷன் (ஒளி மிக்கது), கபீர் (பெரியவர்) போன்ற பெயர்கள் எந்த வீட்டிலும் பொருந்துகின்றன.

ஃபைசல் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தது. தீர்ப்புச் சொல்பவர், வழக்கை முடித்து வைப்பவர் என்று பொருள். நாமும் “கணக்கைப் பைசல் பண்ணியாச்சு” என்று தினமும் சொல்கிறோமே, அதே அரபிச் சொல்தான். வேற்று மொழி என்று நினைப்பது எப்போதோ நம் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

*கிறித்தவப் பெயர்கள்.* எலத்தகிரி, கோவிலூர் மாதிரி பழைய கத்தோலிக்கப் பங்குகளில் வழங்கும் தமிழ்ப் பெயர்களை நான் மொழிபெயர்ப்புப் பாடமாகவே பார்க்கிறேன். பவுல் என்பதற்கு லத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள். அதனால்தான் அவர் இங்கே சின்னப்பன். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் ‘கடவுள் அருளுடையவர்’ என்று பொருள், அவர் இங்கே அருளப்பன். ஓசையை அப்படியே கொண்டுவராமல் பொருளைக் கொண்டுவந்து நம் அச்சில் வார்த்திருக்கிறார்கள். உங்களுக்கும் ஒரு வெளிநாட்டுப் பெயரின் பொருள் பிடித்து, ஓசை வாயில் நிற்கவில்லை என்றால் இந்த வழியைப் பின்பற்றலாம்.

இன்னொரு அழகு, ஒரே பெயர் பல சமயத்திலும் நடமாடுவது. யோசேப்புதான் யூசுப், ஆபிரகாம்தான் இப்ராஹிம், தாவீதுதான் தாவூத், சாலமோன்தான் சுலைமான். யோவான் ஆங்கிலத்தில் ஜான், ரஷ்யாவில் இவான், ஸ்பெயினில் ஹுவான். கலப்பு மணம் செய்துகொண்ட தம்பதிகள் என்னிடம் கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த வரிசையைத்தான்.

*தூரத்து மொழிகள்.* நம் ஆட்களுக்கு இது புதிதே அல்ல. லெனின், ஸ்டாலின், காஸ்ட்ரோ, சாக்ரடீஸ், எடிசன் எல்லாரும் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் உட்கார்ந்து படித்தவர்கள்தான். ஸ்டாலின் என்பது எஃகைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து அந்த மனிதர் தானே சூட்டிக்கொண்ட பெயர். காஸ்ட்ரோ என்பது குடும்பப் பெயர், அதன் மூலப்பொருள் கோட்டை. இப்படித் தெரிந்து வைப்பது வேறு, தெரியாமல் வைப்பது வேறு. இரண்டு மொழியிலும் வீடு உள்ள பெயர்களும் உண்டு. நீல் அயர்லாந்தில் பழைய ஆண் பெயர், நமக்கு நீல நிறம். ரோகன் நமக்கு மேலேறுபவன், அவர்களிடமும் அதே ஓசையில் உண்டு. வெளிநாட்டில் குடியேற நினைக்கிறவர்களுக்கு இந்த வகை வசதி.

4. பொருளை அகராதியில் பாருங்கள், பட்டியலில் அல்ல

செல்பேசியில் வரும் பெயர்ப் பட்டியல்களில் பாதிப் பெயருக்குக் ‘கடவுளின் பரிசு’, மீதிக்கு ‘வெற்றியாளன்’ என்று போட்டிருக்கும். நம்பாதீர்கள். ரேயான்ஷ் என்று தேடினால் ‘சூரியக் கதிரின் அம்சம்’ என்று வரும். எந்தப் பழைய சமஸ்கிருத அகராதியிலும் அந்தச் சொல் இல்லை. அம்சம் என்ற சொல்லை வாலில் ஒட்டிச் சமீபத்தில் உருவாக்கிய பெயர். உருவாக்கிய பெயரை வைப்பதில் தவறில்லை. பழைய வேதப் பெயர் என்று நினைத்துக்கொண்டு வைப்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது.

சரி, எங்கே பார்ப்பது? தமிழ்ச் சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். தெலுங்குக்குச் சி.பி. பிரவுனின் அகராதி, கன்னடத்துக்குக் கிட்டெல் 1894-இல் வெளியிட்ட அகராதி, சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ் 1899-இல் வெளியிட்டது. எல்லாமே இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. அகராதியில் பார்த்துவிட்டு, அந்த மொழி பேசும் ஒரு வீட்டுக்குப் போய், “இந்தப் பேர் உங்க பக்கம் வைப்பாங்களா? கேட்டா என்ன தோணும்?” என்று கேளுங்கள். அகராதியில் நல்ல பொருள் இருந்தும் யாரும் ஆள்பெயராக வைக்காத சொற்கள் உண்டு. அது அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

5. நம் காதில் எப்படி விழுகிறது?

அங்கே நல்ல பொருள் இருந்தால் மட்டும் போதாது, இங்கே அது என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். வகுப்பறையில் நான் தினமும் பார்க்கிற விஷயம் இது.

அனில் என்றால் சமஸ்கிருதத்தில் காற்று. பையன்கள் நடுவே அவன் அணில்தான். குந்தன் என்றால் இந்தியில் புடம் போட்ட தங்கம். ஆங்கிலத்தில் எழுதினால் நம் ஆட்கள் குண்டன் என்று படிப்பார்கள், அப்படிப்பட்ட பையன் கொஞ்சம் பூசினாற்போல் இருந்துவிட்டால் அவ்வளவுதான். நந்து நண்டாவான். சன்னி என்று செல்லமாக வைப்பார்கள். நம் பக்கத்துப் பாட்டிகளுக்குச் சன்னி என்றால் காய்ச்சல் முற்றிப் பிதற்றுவது. சுபம் என்று பெயர் வைத்தால் “படம் முடிஞ்சுதா?” என்று கேட்பார்கள். ஓசூரில் கோபி என்று பெயர் உள்ள எந்தப் பையனிடமும் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன் வாசனை வரும்போதெல்லாம் நண்பர்கள் அவனைத்தான் பார்ப்பார்கள்.

இது எதிர்ப்பக்கமும் நடக்கும். மாறன் என்பது நமக்குப் பாண்டியர் பெயர். வடக்கே மாரண் என்றால் கொல்லுதல். எழில் என்ற அருமையான பெயரில் உள்ள ழகரம் இன்றைய கன்னடத்திலும் தெலுங்கிலும் இல்லை, எளில் ஆகிவிடும். ஆங்கிலத்தில் நாம் ழகரத்துக்குப் போடும் இரண்டு எழுத்தை வடக்கத்திக்காரர் பார்த்தால் ‘எஜில்’ மாதிரி எதையாவது சொல்வார். அதற்காக எழிலை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ழகரத்துக்காக ஒருவன் வாழ்நாள் முழுக்கத் தன் பெயரைத் திருத்திச் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு கம்பீரம்தான். ஆனால் பெற்றோர் அதைத் தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

கிண்டல் எந்தப் பெயருக்கும் வரும், முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் பெயரைச் சொன்ன நொடியிலேயே சிரிப்பு வருகிறதா என்று பார்க்கலாம். உங்கள் அண்ணன் வீட்டுப் பத்து வயதுப் பையனிடம் பெயரைச் சொல்லி முகத்தைக் கவனியுங்கள். பெரியவர்களுக்குத் தோன்றாதது அவனுக்கு இரண்டு விநாடியில் தோன்றிவிடும்.

6. எழுதிப் பாருங்கள்

தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஓசைக்கு நிற்கும். அதனால் பார்கவ் என்று எழுதினால் முதல் எழுத்தைப் ‘பார்’ என்பதில் வரும் மாதிரிதான் பலரும் வாசிப்பார்கள். ஜைன் என்ற அரபிப் பெயருக்கு அழகு என்று பொருள். ஜெயின் என்று எழுதிவிட்டால் வேறு சமயத்தின் பெயர் ஆகிவிடும். ஃபகரத்துக்கு ஆய்தம் போட்டு எழுதலாம், அலுவலகங்களில் அது விழுந்துபோய்ப் பைசல் என்றே பதிவாவதும் உண்டு. ரகரம், லகரத்தில் தொடங்கும் பெயருக்கு முன்னால் இகரம் சேர்ப்பதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ராமனா, இராமனா? இரண்டும் சரி, ஆனால் ஒன்றுதான் உங்கள் மகனுடையது.

தமிழ், ஆங்கிலம், பக்கத்து மாநில எழுத்து ஒன்று. மூன்றிலும் எழுதி, அந்தந்த மொழி படிக்கிறவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து வருகிறது என்றும் எண்ணிப் பாருங்கள். தேர்வுத் தாள் கட்டத்தில் நிரப்பப் போகிறவன் அவன்.

7. நட்சத்திரமும் எண்ணும்

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்த எழுத்துகள் வடமொழி எழுத்து வரிசையை வைத்து அமைந்தவை. திருவாதிரைக்கு ஙகரமும் அஸ்தத்துக்கு ணகரமும் வரும். அவற்றில் தொடங்கும் பெயர் நமக்குக் கிடையாது. ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. அசுவினிக்குச் சு, சே, சோ, லா. கட்டாயம் அந்த எழுத்து வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்தால், பெயர் சூட்டும் புண்ணியாகச் சடங்கில் காதில் சொல்லும் பெயராக ஒன்றும், பதிவுக்கு ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம். குலதெய்வத்தின் பெயரையும் அப்படியே காதில் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் முனியப்பன் காதுக்குள் இருக்கிறார், முகில் வெளியே இருக்கிறான்.

எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் இரண்டு ‘ஏ’, ஒரு ‘எச்’ என்று சேர்ப்பதை மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒவ்வொருவர் ஓர் எழுத்தை விடுவார்கள்.

8. பதிவு செய்வது

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை வாய்ப்பு உண்டு. அவசரத்தில் ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்ற அலைவதைவிட, இரண்டு மாதம் பொறுத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது சுலபம் அல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம், ஆகவே இதில் உள்ள எழுத்தே மற்ற எல்லாவற்றுக்கும் அச்சு.

முகிலுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் எழுதிக் கொடுத்த தாளில் ஆங்கிலத்தில் நடு எழுத்து ‘ஜி’. சான்றிதழில் வந்தது ‘கே’. தமிழில் முகில் என்று சரியாகவே இருந்ததால் நாங்களும் கவனிக்கவில்லை. பிறகு ஆதாருக்குப் போனபோது நான் பழக்கத்தில் ‘ஜி’ போட்டு எழுதிக் கொடுக்க, கணினி முன்னால் இருந்தவர் அப்படியே ஏற்றிவிட்டார். பள்ளியில் சேர்க்கும்போதுதான் இரண்டும் ஒத்துவரவில்லை. ஓர் அலுவலகத்தில் “அங்க மாத்திட்டு வாங்க” என்றார்கள், அங்கே போனால் “இங்க தப்பே இல்லயே மேடம்” என்றார்கள். ஓர் எழுத்துக்காக மூன்று நாள் விடுப்பு போட்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு அலுவலகப் படிக்கட்டு ஏறி இறங்கினேன். தட்டச்சு செய்தவரை நான் குறை சொல்வதைவிட, அச்செடுப்பதற்கு முன் திரையைக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கட்டாயம் கேளுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுத்து எழுத்தாக, விரல் வைத்துப் படியுங்கள். அப்பா அம்மா பெயரின் எழுத்தும் உங்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அதே நேரத்தில் பாருங்கள்.

பெயரோடு போடும் முதலெழுத்தை (இனிஷியல்) பற்றியும் இப்போதே முடிவு செய்யுங்கள். அப்பாவின் எழுத்தா, அம்மாவுடையதும் சேர்ந்தா, முன்னாலா பின்னாலா? பாஸ்போர்ட்டில் முதலெழுத்து அப்படியே நிற்காது, விரித்து எழுத வேண்டிவரும். பின்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்ட ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது நம் பக்கத்துக் குடும்பங்கள் பல கலங்கிப்போயின. சான்றிதழிலேயே மகன் பெயரோடு அப்பா அல்லது அம்மா பெயரை முழுதாகச் சேர்த்துவிடுவதை நான் பரிந்துரைக்கிறேன். கூப்பிடும் பெயர் குட்டியாக இருந்தால் இது நீளமாகவும் தெரியாது.

கடைசி வேலை ஒன்று. முடிவான பெயரைத் தமிழிலும், ஆங்கிலப் பெரிய எழுத்திலும், வீட்டில் புழங்கும் மற்ற எழுத்திலும் ஒரே தாளில் எழுதி, இரண்டு பேரும் கீழே தேதி போட்டு, பிறப்புச் சான்றிதழ் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாயால் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டுங்கள். எங்கள் கோப்பில் அந்தத் தாள் பழுத்துப் போய்விட்டது, மாமியார் கன்னடத்தில் எழுதிய ‘முகிலு’ மட்டும் பேனா மை அழியாமல் இருக்கிறது. அந்தக் கடைசி உகரத்தை அடிக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.